காலணா லட்சாதிபதி

பரணில் பழைய காசு ஒன்று அகப்பட்டுவிட்டால் ஒரு வீட்டில் முதலில் கெடுவது குடும்பத் தலைவரின் தூக்கம். அடுத்துக் கெடுவது அந்தக் காசு. எங்கள் வீட்டில் இரண்டும் அடுத்தடுத்த நாட்களில் நடந்து முடிந்தன.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். ஏணியில் ஏறி நின்றவள் என் மனைவி. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து யோசனை சொன்னவன் நான். அவள் வீட்டிலிருந்து சீராக வந்த பித்தளைத் தூக்கு ஒன்றின் அடியில் மஞ்சள் துணி முடிச்சு கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தால் கறுப்பும் பச்சையுமாக ஒரு செம்புக் காசு. "துலக்கிக் கவுக்கறதுக்கு இது வேறயா" என்றாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது களிம்பு. என் கண்ணுக்குத் தெரிந்தது அண்ணா நகரில் மூன்று படுக்கையறை வீடு, கார் நிறுத்த இடத்தோடு.

என்னைச் சொல்லிக் குற்றமில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் கைப்பேசியில் பார்க்கிற வீடியோக்கள் அப்படி. "டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு இருக்கா? வைஷ்ணோ தேவி படம் போட்ட நாணயம் இருக்கா? அப்போ நீங்கதான் லட்சாதிபதி!" என்று ஒருவர் அடித்துச் சொல்வார். அந்தக் குரலில் இருக்கிற நம்பிக்கை, முப்பது வருட உத்தியோகத்தில் ஒருநாள்கூட என் குரலில் இருந்ததில்லை. சம்பள உயர்வு கேட்கப் போனபோது இருந்திருந்தால் காசை நம்பும் நிலைமையே வந்திருக்காது.

பஞ்சாங்கம் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காசின் ஒரு பக்கத்தில் சிலுவை போட்ட கேடயம். அதற்கு இருபுறமும் இரண்டு சிங்கங்கள் பின்னங்காலில் நின்று ஆளுக்கொரு கொடியைப் பிடித்துக்கொண்டிருந்தன. கேடயத்தின் உச்சியில் குட்டியாக மூன்றாவது சிங்கம். அதன் கையில் கிரீடம். அடியில் லத்தீன் எழுத்து ஓடும் ஒரு நாடா. இங்கிலாந்து அரசர், பாராளுமன்றம் ஆகியோரின் ஆதரவில் என்பது அதன் பொருள். நாடாவுக்குக் கீழே 1835. சிங்கங்களுக்குக் கால் இருந்தது, வால் இருந்தது, முகம் மட்டும் இல்லை. யார் யார் மடியிலோ கிடந்து தேய்ந்து போயிருந்தது. காசைத் திருப்பினால் நடுவில் இலை மாலை, மாலைக்குள் 'ஒன் குவார்ட்டர் அணா', சுற்றிலும் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி'.

"ராஜா தலை இல்லாத காசு செல்லுமா?" என்று மாமியார் கேட்டார். அவர் பார்த்து வளர்ந்தது ஜார்ஜ் மன்னர் தலை போட்ட காலணாவும், யுத்த காலத்தில் உலோகத் தட்டுப்பாட்டால் நடுவில் துளையோடு வந்த ஓட்டைக் காலணாவும்தான். 1835-ல் நான்காம் வில்லியம் அரசராக இருந்தார். அவர் தலையை வெள்ளி ரூபாயில் போட்டார்கள். செம்புக்குக் கம்பெனியின் சின்னமே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இவ்வளவு தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் ஓர் உரை நிகழ்த்தினேன். அதன் சுருக்கம் இது: 1835-க்கு முன் கம்பெனி வங்காளத்துக்கு ஒரு காசு, பம்பாய்க்கு ஒரு காசு, மதராஸுக்கு ஒரு காசு என்று அடித்துக்கொண்டிருந்தது. மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். ஆக, ஒரு வராகனுக்குச் சில்லறை மாற்றினால் 3,360 காசு வரும். கத்தரிக்காய் வாங்கப் போகிறவன் கணக்கப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டிய காலம். இந்தக் கூத்தை ஒழிக்கத்தான் 1835-ல் சட்டம் வந்தது. கம்பெனி ஆண்ட பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய். அதன் எடையாக நம் மதராஸ் ரூபாயின் 180 கிரெய்னையே எடுத்துக்கொண்டார்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா, காலணாவுக்கு 3 தம்பிடி. நாடு முழுக்க ஒரே நாணயம் வேண்டும் என்று வாதாடியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிரின்செப், கல்கத்தா நாணயச் சாலையில் உலோகத்தின் தரம் பார்க்கும் அதிகாரி. அசோகரின் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டினாரே, சாட்சாத் அதே பிரின்செப்!

"அப்பா, ரசம் ஆறுது" என்றாள் மகள்.

மறுநாள் பிற்பகல் நான் கண்ணயர்ந்த நேரத்தில் மாமியார் புளியும் உப்பும் எடுத்துவிட்டார். எழுந்து வந்தால், "மாப்ளே, புதுசு மாதிரி ஆக்கிட்டேன் பாருங்க" என்று நீட்டுகிறார். காசு கல்யாணச் செம்பு மாதிரி ஜொலித்தது. நல்ல மனசோடு செய்த காரியம், மாமியார் வேறு. வாயைத் திறக்க முடியுமா?

நாணயம் சேர்ப்பவர்கள் இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். நூறு, நூற்றைம்பது வருடத்தில் செம்பின் மேல் தானாகப் படிந்து இறுகுகிற பழுப்புப் படலம் அழுக்கில்லை. அதுதான் காசின் தோல். விலையில் பெரும்பங்கு அந்தத் தோலுக்குத்தான். புளியின் அமிலம் அதை உரித்துவிட்டால் உள்ளிருக்கும் சிவந்த உலோகம் பச்சையாக வெளியே வந்துவிடும். களிம்பு அரித்த சிறு சிறு குழிகளும் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். உரித்த தோலை மறுபடி ஒட்ட முடியாது. மண் ஒட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுக்கலாம். தேய்க்க மட்டும் கூடாது. இதை நான் மாமியாரிடம் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள், "நீங்க தேய்ச்சிருந்தா சிங்கமே போயிருக்கும்" என்றாள்.

அடுத்தது எடை. நகைச்சீட்டு கட்டுகிற கடையில் தராசு இருக்கிறதே என்று எடுத்துப் போனேன். காசை அடையாளம் காண எடை நல்ல சாட்சி. இந்தக் காலணாவுக்குச் சட்டம் விதித்த எடை 100 கிரெய்ன், அதாவது 6.48 கிராம். ஏழாம் எட்வர்ட் காலத்தில், 1906-ல், செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறியபோது காலணாவின் எடையும் 75 கிரெய்னாக இளைத்தது. என் காசு 6.21 கிராம் காட்டியது. குறைகிற கால் கிராம் சொச்சத்தை ஊரார் கையும் மாமியாரின் புளியும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. கடைப் பையன் உதவி செய்வதாக நினைத்து, "பழைய செம்பு கிலோ 700 ரூபாய்னு வச்சா நாலு ரூபாய் முப்பத்தஞ்சு காசு வரும் சார்" என்றான். நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன், லட்சாதிபதிகள் சிரிக்கிற மாதிரி.

செய்தி எப்படித்தான் போயிற்றோ, அன்று மாலையே மைத்துனன் வந்து இறங்கினான். கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில், "அத்தான், கம்பெனி காசுன்னா சும்மா இல்ல. உள்ள இரிடியம் இருக்கும். அரிசியை இழுக்கும். ரைஸ் புல்லிங்னு கேள்விப்பட்டதில்லையா?" என்றான். கேள்விப்பட்டிருக்கிறேன். அரிசியை இழுக்கும் காசு, அரிசியை இழுக்கும் கலசம் என்று சொல்லி விற்றவர்களைப் போலீஸ் பிடித்த செய்தி நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. ஆனாலும் நம் வீட்டுக் காசு அப்படி இல்லாமல் இருக்கலாம் அல்லவா? எவர்சில்வர் தட்டு வந்தது. பச்சரிசி பரப்பினோம். நடுவில் காசு. காற்றில் நகர்ந்தால் கணக்கில் வராது என்று மின்விசிறியை நிறுத்தினான். ஐந்து பேர் தட்டைச் சுற்றி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஓர் அரிசி நகர்ந்தது.

"அத்தான்!" என்று அலறினான் மைத்துனன். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமியார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து குனிந்து பார்த்துவிட்டு, "டேய், எறும்புடா அது" என்றார்.

செம்பு அரிசியையும் இழுக்காது, இரும்பையும் இழுக்காது. மகள் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்து காந்தத்தை எடுத்துவந்து காசின் மேல் வைத்தாள், ஒட்டவில்லை. இது ஒன்றுதான் அன்று நடந்த உருப்படியான சோதனை. ஒட்டியிருந்தால் இரும்பில் செம்பு முலாம் பூசிய போலி என்று அங்கேயே முடிந்திருக்கும்.

அன்றிரவு யாருக்கும் தெரியாமல் வீடியோக்காரர் கொடுத்திருந்த எண்ணுக்குக் காசின் படத்தை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. "வாழ்த்துகள் சார், 12 லட்சம்!" நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசினேன், நின்றிருந்தால் விழுந்திருப்பேன். பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் மட்டும் அனுப்ப வேண்டும், ஜி.எஸ்.டி. பிறகு பார்த்துக்கொள்ளலாம், எல்லாம் ரிசர்வ் வங்கி அனுமதியோடுதான் நடக்கிறது என்றார். நான் ரகசிய எண்ணின் மூன்றாவது இலக்கத்தை அழுத்தும்போது கைப்பேசி மனைவியின் கைக்கு மாறியது. "12 லட்சம் குடுக்கறவன் 2,500-ஐ அதுல கழிச்சுக்க மாட்டானா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள். அந்தப் பக்கம் இணைப்புத் துண்டிக்கப்பட்டது. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது: பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையை அது செய்வதில்லை, அதன் பெயரைச் சொல்லிக் கட்டணம் வசூலிக்க எவருக்கும் அனுமதியும் கொடுக்கவில்லை. இதையும் அவள்தான் தேடிப் படித்துக் காட்டினாள், இரண்டு முறை.

கடைசியில் நியாயமான வழிக்கு வந்தேன். மண்ணடிப் பக்கம் நாணய வியாபாரி ஒருவர் இருப்பதாக அறிந்து, மைத்துனனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவனும் சும்மா வரவில்லை. கோயில் வாசலில் ஒருவரிடம் 5,000 ரூபாய்க்கு வாங்கிய பொக்கிஷம் ஒன்றைப் பையில் வைத்திருந்தான்.

வியாபாரி என் காசை வாங்கிய விதத்திலேயே எனக்கு மரியாதை வந்துவிட்டது. முகத்தில் விரல் படாமல் விளிம்பை இரண்டு விரலால் பிடித்தார். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு விளக்கின் கீழ் மெதுவாகச் சாய்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பிறகு விளிம்பு. நான் மனசுக்குள் 12 லட்சத்தை ஒரு லட்சமாக இறக்கி, அதுவும் போதும் என்று சமாதானமாகியிருந்தேன்.

"புளியா?" என்றார்.

"மாமியார்" என்றேன்.

புரிந்தது என்பதுபோல் தலையசைத்தார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். அதற்குள் என் காசு இருந்தது. ஒன்றல்ல, டின் நிறைய. அத்தனையிலும் கொடி பிடித்த சிங்கங்கள், அத்தனையிலும் 1835.

"வருஷத்தைப் பார்த்து ஏமாறாதீங்க சார். 1835-ன்னு அச்சு வெட்டினவங்க, அதே வருஷத்தைப் போட்டே அப்புறமும் அடிச்சுத் தள்ளினாங்க. கல்கத்தா, பம்பாய், நம்ம மதராஸ், மூணு இடத்துலயும். 1840-ன்னு போட்ட வெள்ளி ரூபாயை இருபது வருஷம் அடிச்சிருக்காங்க. பழசுங்கறது வேற, அரிதுங்கறது வேற. ராஜராஜ சோழன் செம்புக் காசு ஆயிரம் வருஷத்துது. அதுவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. உங்களுது இந்த நிலைமையில 60 ரூபாய். புளி போடாம இருந்தா 80."

ராஜராஜனுக்கே சில நூறு என்றால் நான் எந்த மூலை? வாயடைத்துப் போனேன். சிங்கத்தின் முகமும் கொடியின் மடிப்பும் இலையின் நரம்பும் தேயாமல், பழுப்பு நிறம் கலையாமல் இருந்தால் இதே காசுக்குப் பல மடங்கு கிடைக்குமாம். புழங்கிய காசுக்கு மதிப்பில்லை, புழங்காத காசுக்குத்தான் மதிப்பு. எங்கள் அலுவலகத்திலும் பதவி உயர்வு இப்படித்தான் கொடுத்தார்கள்.

மைத்துனன் தன் பொக்கிஷத்தை எடுத்து வைத்தான். ஒரு பக்கம் ராமர், சீதை, லட்சுமணர், அனுமன். மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1818. வியாபாரி லென்ஸை எடுக்கக்கூட இல்லை. கம்பெனி இப்படி ஒரு காசை அடித்ததே இல்லை, பின்னாளில் யாரோ விற்பதற்கென்று செய்தது என்றார். "பூஜை அறையில வைங்க தம்பி. சாமி சாமிதான்." சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் என் 60 ரூபாய் எனக்குப் பெரிய தொகையாகத் தெரிந்தது.

கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. "மதராஸ் காசு பார்க்கறீங்களா?" என்று அவர் இன்னொன்றை எடுத்து வைத்துவிட்டார். பத்துக் காசு, 1808. பர்மிங்காம் பக்கம் சோஹோவில் மேத்யூ போல்டனின் ஆலையில் நீராவி இயந்திரத்தில் அடித்தது. இதே சிங்கங்கள்; மறுபக்கம் பாரசீக எழுத்தில், பத்துக் காசு இரண்டு ஃபலூஸ் என்ற கணக்கு. இந்தக் காசுகளை மதராஸுக்கு ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் புறப்பட்ட வேகத்திலேயே, 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போனது. 1980-களில் முக்குளித்து எடுத்தார்கள். லட்சக்கணக்கில் கிடைத்ததால் இதுவும் மலிவுதான். மதராஸுக்கு வந்திருக்க வேண்டிய காசு இத்தனை காலம் தாமதமாகி வந்து நிற்கிறது. திருப்பி அனுப்ப மனசு வருமா? 60 ரூபாய் வாங்கப் போனவன் 900 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். மனைவியிடம் சொன்ன தொகை வேறு.

வீட்டில் நிலவரம் மாறியிருந்தது. 12 லட்சம் என்று பேச்சு அடிபட்டபோது "அம்மா வீட்டுச் சொத்து, எனக்கும் பாதி உண்டு" என்று சொன்ன மைத்துனன், "நீங்களே வச்சுக்குங்க அத்தான்" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தான். சட்டம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர், நூறு வயது தாண்டியதால் 1972 சட்டப்படி அது தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று எச்சரித்தார். சிங்கப்பூரில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பியிடம் கொடுத்து விற்கலாம் என்று நான் யோசித்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்னும் விளங்கவில்லை.

அப்போதுதான் மாமியாருக்கு ஞாபகம் வந்தது. "அந்த மஞ்சள் துணி... எங்க பாட்டி ஏழுமலையானுக்கு முடிஞ்சு வச்சதுல்ல!"

வீடு அமைதியானது. ஏழுமலையான் வட்டியோடு வசூலிப்பவர் என்பது ஊரறிந்த விஷயம். வணிகவியல் படிக்கிற மகள் காகிதத்தை எடுத்தாள். பாட்டி முடிந்த வருடம் தெரியாததால் காசில் இருந்த வருடத்தையே வைத்துக்கொண்டாள். காலணா என்பது ரூபாயில் 64-ல் ஒரு பங்கு. ஆண்டுக்கு 6 சதவீதம் கூட்டு வட்டி, 190 வருடம். வந்த தொகை 1,004 ரூபாய் 46 காசு. பரணில் கிடந்த காசு 60 ரூபாய். வட்டிக்கு விட்டிருந்தால் ஆயிரம். இந்தக் கணக்கை அண்ணா நகர் வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்றால், அந்த வீடே இப்போது இல்லை.

மாமியார் தீர்ப்பு சொன்னார்: காசும் வட்டியுமாக உண்டியலில் சேர வேண்டும், வட்டியை மாப்பிள்ளை போட வேண்டும். போட்டாயிற்று.

ஆகவே இப்போது என் சேகரிப்பில் ஒரு காலணா குறைகிறது. வாசகர்கள் யாராவது பரணைக் காலி செய்யும்போது கம்பெனி காசு அகப்பட்டால், புளிப்பானைப் பக்கம் கொண்டு போகாமல் காகிதத்தில் மடித்து எடுத்து வையுங்கள். 1835 வேண்டாம். 1858 என்றால், கம்பெனி ஆட்சி முடிந்த வருடத்துக் காசு, மாலையின் நுனியில் இலை ஒன்றா இரண்டா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு விதமும் உண்டு, எனக்கு இரண்டும் வேண்டும். 80 ரூபாய் வரை தருவேன். அதற்கு மேல் கேட்டால் கட்டுப்படியாகாது சார், சாதாரணக் காசுதானே.